கேப்போ மாற்றிக்கொண்டிருந்தவர்

தமிழ் முகம் ஒன்று சந்துக்குள் நுழைந்தால் போதும், அவர் பாட்டை நிறுத்திவிடுவார். பாட்டு பாதியில் இருந்தாலும் சரி, எதிரே கோலாலம்பூரிலிருந்து வந்த கூட்டம் கைதட்டத் தயாராக நின்றாலும் சரி. தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக் குனிந்து, கிட்டாரின் கழுத்தைக் கவ்வியிருக்கும் கேப்போவைக் கழற்றுவார். அதைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டுவார். அதுவும் சரியில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டுவார். வந்த முகம் முனை திரும்பி மறைந்த பிறகுதான் குரல் மறுபடி எழும்பும்.

ஈப்போ பழைய டவுனில், சுவரோவியங்களைப் பார்க்க ஆட்கள் வந்து குவிகிற சந்து அது. சனி ஞாயிறுகளில் அங்கே ஒரு மேசை போட்டு முறுக்கு, பக்கோடா, வறுத்த கடலை விற்பேன். இன்றைக்கும் விற்கிறேன். என் மேசைக்கும் அவர் உட்காரும் மடக்கு நாற்காலிக்கும் நடுவே ஒரு தூண்தான். ஐம்பதைத் தாண்டிய மனிதர். நன்றாகத் தேய்த்த முழுக்கைச் சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. ஆபீசுக்குக் கிளம்பியவர் வழி தவறி இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது போலிருக்கும்.

கேப்போ என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. துணி காயப்போடும் கிளிப்பை எதற்குக் கிட்டாரில் மாட்டுகிறார் என்று நினைத்தேன். பின்னால் அவரே சொன்னார். "இத மாட்டினா எல்லாக் கம்பியும் சுருதி ஏறும், தங்கச்சி. விரல் பழைய மாதிரியே போடலாம். எனக்குக் கொரலு ஒசரம், கிட்டாரு கீழயே நிக்குது. இதுதான் தூக்கிவிடும்."

ஆனால் அப்படிப் பேசத் தொடங்குவதற்குப் பல வாரங்கள் ஆயின. நானும் தமிழ் முகம்தானே. நான் மேசை போட்ட முதல் நாளில் அவர் வாயே திறக்கவில்லை. கேப்போவை மாற்றி மாற்றி மாட்டியே காலைப் பொழுதைக் கழித்தார். அடுத்தடுத்த வாரங்களில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெறுமனே வாசித்தார். எனக்கே சங்கடமாகிவிட்டது. ஒருவர் பிழைப்பை என் முகம் கெடுக்கிறதென்றால் நான் வேறு முனைக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் அவரே வந்து கடலை கேட்டார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"நீங்க எந்தத் தோட்டம்னு இன்னும் கேக்கலியே," என்றார். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள்; தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி அதுதான்.

"எதுக்குண்ணே கேக்கணும்?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அன்று மத்தியானம் பாடினார்.

நல்ல குரல். மெல்லியதுதான், ஆனால் சந்தின் இரு முனையிலும் கேட்கும். பழைய மலாய்ப் பாட்டு, கேன்டனீஸ் பாட்டு, ஆங்கிலப் பாட்டு என்று எது கேட்டாலும் பாடுவார். தமிழ்ப் பாட்டு மட்டும் கிடையாது. பாடினால் தமிழர்கள் வந்து நிற்பார்கள். அதுதான் அவருக்கு ஆகாது.

தமிழ் ஆட்களை எட்டத்திலிருந்தே கண்டுபிடிப்பதில் அவருக்குக் கழுகுக் கண். ஒருமுறைதான் ஏமாந்தார். வெள்ளை முடியைக் கொண்டை போட்டு, பூப்போட்ட சட்டையும் கால்சட்டையுமாக ஒரு சீனக் கிழவி வந்து நின்றாள். அவளுக்காக ஒரு பழைய கேன்டனீஸ் பாட்டை உருகி உருகிப் பாடினார். பாட்டு முடிந்ததும் கிழவி கிட்டே வந்தாள்.

"கொரலு நல்லா இருக்குடா தம்பி. எந்தத் தோட்டம் நீ?"

சுத்தமான தோட்டத் தமிழ். குழந்தையிலேயே தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்த சீனப் பெண்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. சேலை கட்டியிருந்தால் அவர் உஷாராகியிருப்பார். இப்போது கேப்போவைக் கழற்றக்கூட அவருக்குக் கை வரவில்லை. "கேப்போ சரியில்ல பாட்டி, கேப்போ சரியில்ல," என்று எழுந்தார். கிட்டாரை நாற்காலியிலேயே விட்டுவிட்டுச் சந்தை விட்டே போய்விட்டார்.

கிழவி என் பக்கம் திரும்பினாள். "நான் என்னா கெட்ட வார்த்தையா கேட்டேன்?"

"இல்ல பாட்டி, அவருக்குக் கூச்சம்."

"பாடுறவனுக்கு என்னா கூச்சம்?" என்று கேட்டுவிட்டு, பக்கோடா வாங்கிக்கொண்டு போனாள்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவர், தூணுக்குப் பின்னால் நின்றபடி, "போயிட்டாங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. "திருடினீங்களா அண்ணே? பாடுறீங்க. அதுக்கு ஏன் இப்படி?" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நம்ம ஆளுங்க மூணே கேள்விதான் கேப்பாங்க. எந்தத் தோட்டம்? யாரு மவன்? பிள்ளைங்க என்னா செய்றாங்க? மூணாவது கேள்வியில எம் மவ பேரு வந்துரும். அப்புறம் அவ அப்பன் ரோட்டுல பெட்டியத் தொறந்து வச்சி பாடுறான்னு ஊரு பூரா போயிரும். மாலு லா, தங்கச்சி."

மாலு என்பது மலாய்ச் சொல். வெட்கத்துக்கு இங்கே எல்லாரும் சொல்வது. தமிழில் வெட்கம் என்றால் அதில் கொஞ்சம் அழகும் கலந்திருக்கும். மாலுவில் அழகு கிடையாது.

பிறகு கைபேசியில் மகளின் படத்தைக் காட்டினார். பட்டமளிப்பு உடையில் ஒரு பெண், அப்பாவின் அதே நீண்ட முகம். தாய் இல்லாத பிள்ளை. அவர் டைல் தொழிற்சாலையில் வேலை பார்த்துப் படிக்கவைத்தார். தொழிற்சாலையை மூடிய பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். மகள் கோலாலம்பூரில் ஒரு பேங்கில் அதிகாரி. "என்னைய பத்திக் கேட்டா, ரிட்டையர் ஆயிட்டாருன்னு சொல்லுவா. பொய் இல்லதானே?" என்று என்னைக் கேட்டார். நான் முறுக்கை அடுக்குவது போலத் திரும்பிக்கொண்டேன்.

எதிரே காப்பிக் கடை நடத்தும் சீன அம்மாவுக்கு அவர் பாட்டு பிடிக்கும். மகன் ஆஸ்திரேலியா போனபோது விட்டுச்சென்ற எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றையும் சின்ன ஸ்பீக்கரையும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசலில் வாசிக்கச் சொன்னார். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் மாட்டிப் பார்த்த முதல் நாளே நெற்றியைச் சுருக்கினார். பழைய கேப்போ இந்தக் கிட்டாருக்கு ஒத்துவரவில்லை. பாடும்போது ஏதோ ஒன்று உரசுகிறது என்று எனக்கே தெரிந்தது.

"புதுசு வாங்கணும். டவுன்ல கடை இருக்கு. ஆனா…" என்று இழுத்தார்.

"ஆனா என்ன?"

"கடையில நம்ம பையன் ஒருத்தன் நிக்கிறான்."

அப்படித்தான், கிட்டாரைத் தொட்டே அறியாத நான் அவருக்குக் கேப்போ வாங்கப் போனேன். அவர் சாலைக்கு அந்தப் பக்கம், அஞ்சடி நடைபாதையில் ஒரு தூணோரம் நின்றார். கைபேசியில் அவரை அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.

"யாருக்குக்கா?" என்று கேட்டான் கடைப் பையன்.

"என் தம்பி பையனுக்கு," என்றேன். நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

"அகூஸ்டிக்கா, எலெக்ட்ரிக்கா?"

கைபேசியைக் காதில் வைத்தேன். "ரெண்டும்னு சொல்லு," என்றது குரல்.

"ரெண்டும்," என்றேன்.

பையன் பொறுமைசாலி. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து நாலைந்தை எடுத்து வரிசையாக வைத்தான். சுவரிலிருந்து இரண்டு கிட்டார்களை இறக்கி, இரண்டின் கழுத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னான். அகூஸ்டிக் என்றால் அவருடைய பழைய கிட்டார் மாதிரி, கரண்ட் இல்லாதது; அதன் கழுத்து கொஞ்சம் தட்டையாக இருந்தது. எலெக்ட்ரிக்கினுடையது மெலிந்து, நடுவில் மேடிட்டிருந்தது.

"பார்த்தீங்களாக்கா? தட்டையா இருக்கிற கேப்போவ வளைஞ்ச கழுத்துல போட்டா நடுக் கம்பிய நல்லா அமுக்கும். ஓரத்துக் கம்பிய விட்டுரும், அது ஙொய்ங்ங்கும். உள்ள இருக்கிற ரப்பரோட வளைவு கழுத்தோட ஒத்துப்போவணும்."

"ஸ்ப்ரிங்கு பத்திக் கேளு," என்றது கைபேசி.

"ஸ்ப்ரிங்கு?" என்றேன்.

"அதுவும் இருக்கு. ஸ்ப்ரிங் வச்சது ஒரே கையால மாட்டலாம், கழட்டலாம், ஈசி. அகூஸ்டிக்ல கம்பி தடிப்பு, தாங்கும். எலெக்ட்ரிக்ல கம்பி மெலிசு. ஸ்ப்ரிங் இறுக்கிப் பிடிச்சா கம்பி இழுபட்டு சுருதி மேல போயிரும். அதுக்கு ஸ்க்ரூ வச்சதுதான் நல்லது. எவ்வளவு அமுக்கணுமோ அவ்வளவுதான் திருகணும்."

ஸ்ப்ரிங் வைத்ததை எலெக்ட்ரிக்கில் மாட்டி ஒரு கம்பியைத் தட்டினான். சுருதி பார்க்கும் சின்னப் பெட்டியில் முள் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அதைக் கழற்றிவிட்டு, திருகுவதைப் போட்டு, மெல்ல மெல்ல இறுக்கினான். முள் நடுவில் நின்றது.

"அதேதான். ரெண்டு ஞாயிறா அங்கதான் உரசுச்சி," என்றது கைபேசி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அத கழுத்துல குறுக்க இருக்கிற ஃப்ரெட்டுக்குப் பக்கத்துலயே மாட்டினானா, நடுவுல மாட்டினானான்னு கேளு. ரப்பரு தேஞ்சா தனியா கெடைக்குமான்னு கேளு."

நான் திணறுவதைப் பார்த்துப் பையன் சிரித்தான். "போன குடுங்கக்கா, நானே பேசுறேன்."

தடுக்க எனக்குத் தோன்றவில்லை. கொடுத்துவிட்டேன். இருவரும் நெடுநாள் சிநேகிதர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். ஸ்க்ரூ வைத்தது எலெக்ட்ரிக்குக்கு. அகூஸ்டிக்குக்கு இருக்கும் ஸ்ப்ரிங்கே போதும். ஒன்றையே இரண்டுக்கும் மாற்றிப் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம் என்று முடிவாயிற்று. பேசிக்கொண்டே பையன் கண்ணாடிக் கதவுப் பக்கம் போனான். சாலைக்கு அப்பால் ஒருவர் கைபேசியோடு தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, எதுக்க நிக்கிறது நீங்கதானே? ஓல்ட் டவுன்ல பாடுவீங்கல்ல? உள்ள வாங்கண்ணே, மாட்டிப் பார்த்து வாங்குங்க," என்றான்.

இணைப்பு அறுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார்.

"என்னக்கா, நான் எதாவது தப்பா சொல்லிட்டனா?" என்றான் பையன். அவன் முகம் வாடிவிட்டது. நான் எதையோ சொல்லிச் சமாளித்து, திருகும் கேப்போவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். யாரோ என்னைத் துரத்திவருவது போல எனக்கே நடை வேகமாகியிருந்தது.

மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்ததையும் அவர்தான் சொன்னார். பையன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் இஞ்சினியர். இருவரும் விரும்பியதுதான். அடுத்த மாதம் பையன் வீட்டார் பெண் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர் இன்னும் அவர்களைப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலையில் நல்ல கூட்டம். புதுக் கேப்போ வந்ததிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டார் அவர் சொன்னபடி கேட்டது. பழைய மலாய்ப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர்க்காரர்கள் சிலர் கூடவே முணுமுணுத்தார்கள். நடுவில் குரல் அறுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தமிழ்க் குடும்பம் வந்துகொண்டிருந்தது. பருத்திச் சேலையில் ஒரு அம்மா, கூட வளர்ந்த பையன், அவன் தங்கை போல ஒருத்தி. பையனை ஒட்டி வந்த பெண்ணைப் பார்த்தேன். படத்தில் பார்த்த அதே நீண்ட முகம்.

அவர் குனிந்து கேப்போவைத் திருகிக்கொண்டிருந்தார். தொப்பி முகத்தை மறைத்தது. எத்தனையோ தரம் பார்த்த காட்சிதான். அன்று திருகு இறுகி நின்ற பிறகும் திருகிக்கொண்டேயிருந்தார்.

சேலை கட்டிய அம்மா என் மேசைக்கு வந்தார். "ஏன் நிறுத்திட்டாரு? நல்லா இருந்திச்சே," என்றார். நான் முறுக்கைப் பொட்டலம் கட்டினேன். அதற்குள் பையன் அவர் முன்னால் போய் நின்றுவிட்டான்.

"அங்கிள், தமிழ்ப் பாட்டு எதாச்சும் தெரியுமா? எங்கம்மாவுக்கு ஒண்ணு பாடுங்களேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "மாஃப், அடிக்," என்றார் மலாயில். "தமிழ் தாக் தாவு."

மன்னித்துக்கொள், தம்பி, தமிழ் தெரியாது.

பையன் பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே திரும்பினான். அந்தப் பெண் அசையவில்லை. அப்பாவின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், மூடினாள், பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கிட்டாரை உறைக்குள் போட்டார். சிங்கப்பூர்க்காரர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மவ மொதல்லயே போன் அடிச்சிருக்கா, தங்கச்சி," என்றார் கைபேசியைப் பார்த்து. "பாட்டுல இருந்தேன், கேக்கல. கேட்டிருந்தா எந்திரிச்சிப் போயிருப்பேன். பிள்ளைக்குக் கஷ்டம் குடுத்துட்டேன்."

அதைப் பார்த்ததற்காக எனக்கே தலையைத் தூக்க முடியவில்லை. அவர் எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஸ்பீக்கரையும் காப்பிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் சந்துக்கு வரவேயில்லை. அழைத்துக் கேட்டேன். சிம்பாங் பூலாயில் ஒரு குடியிருப்பில் ஜாகா வேலை, வாசலில் காவல் என்றார். "யூனிபாரம் குடுத்திருக்காங்க," என்றார்.

கொஞ்ச காலம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். முறுக்கு வாங்குவது போல நின்றவள், "நீங்கதான் அப்பாவோட ஃப்ரெண்டா ஆன்ட்டி?" என்றாள். நான் உள்பக்கம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

பெண் கேட்டு வந்த நாளைப் பற்றிச் சொன்னாள். வாசலில் அப்பா 'வாங்க' என்றதுமே, சந்தில் பாடிய குரல் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதாம்.

"கட்டிக்கப்போறவரு, 'அங்கிள், அன்னிக்கித் தமிழ் தெரியாதுன்னீங்களே'ன்னு சிரிச்சாரு. அத்தை சிரிக்கல. 'அந்தப் பாட்டு வீட்டுக்குப் போயும் வாயில ஓடிக்கிட்டே இருந்திச்சி, மீதியப் பாடுங்க'ன்னாங்க. நிஜமாத்தான் கேட்டாங்க ஆன்ட்டி. அவங்களுக்கு ஒண்ணுமே தப்பாத் தெரியல. அப்பா என் மூஞ்சியப் பார்த்தாரு. பாடலாமான்னு என்கிட்ட கேக்குற மாதிரி."

"நீ என்னம்மா சொன்ன?"

"தண்ணி எடுத்துட்டு வாரேன்னு உள்ள போயிட்டேன்."

அவள் அழவில்லை. மேசை விளிம்பில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத் தேதி வச்சாச்சி. அவங்க வீட்டுல எல்லாரும் அப்பா மேல பிரியமா இருக்காங்க. எனக்குத்தான் அப்பா முன்னால நிக்க முடியல." பிசுக்கைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "இங்க எப்படிப் பாடுவாரு?" என்று கேட்டாள். "நான் ஒரு நாளும் நின்னு கேட்டதில்ல."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எந்தெந்தப் பாட்டு, யார் யார் நின்று கேட்பார்கள், எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார் என்று. சின்னப் பிள்ளை கதை கேட்பது போலக் கேட்டாள். "அவர மறுபடி இங்க வரச் சொல்றீங்களா?" என்றாள்.

"நீயே போயிச் சொல்லும்மா. கேக்கணும்னு ஆசையா இருக்குன்னு சொல்லு."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?" என்றாள். பொட்டலத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவரே என்னை அழைத்தார்.

"மவ வந்திருந்தா தங்கச்சி. லீவு போட்டுட்டு, தனியா. பாடுங்கப்பா, கேக்கணும்னா."

"பாடினீங்களாண்ணே?"

"கிட்டார எடுத்தேன். எதுக்கயே உக்காந்தா. வாயி வரல. அவளும் தரையப் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் நான் எந்திரிச்சி ரூமுக்குள்ள போயிக் கதவ சாத்திக்கிட்டேன்."

"அய்யோ, ஏண்ணே?"

"உள்ள உக்காந்து பாடினேன். அன்னிக்கி நிறுத்தினேனே, அது. முழுசா. அது முடிஞ்சி இன்னொண்ணு. அப்புறம் அவ அம்மாவுக்குப் பிடிச்சது ஒண்ணு."

"அவ?"

"கதவத் தொறந்தா, வெளிய தரையிலயே உக்காந்திருக்கா, சுவத்துல சாஞ்சி. என்னையப் பார்க்கல. நானும் பார்க்கல. சாப்பிடப் போலாம்ப்பான்னா. போனோம்."